சினைப்பையின் இறுக்கம்

பிளேடு பட்டதும் ஆட்டுச் சினைப்பையின் மேல்தோல் தானாகவே விலகியது. உள்ளிருந்த சதை வெளியே பிதுங்கியது. கிள்ளான் ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் கையில் பிளேடோடு அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவு நேரமும் இந்தத் தோல் உள்ளே இருப்பதை நெரித்துக்கொண்டா இருந்தது?

அப்போது விலங்கியல் இரண்டாம் ஆண்டு. சினைப்பைகளைப் பாசாரில் ஆட்டிறைச்சி விற்கும் பாயிடம் கேட்டு வாங்கிவருவேன்.

"ஈரல் கேப்பாங்க, குடல் கேப்பாங்க. இதை என்ன கறி வைக்கப்போறே, தங்கச்சி?"

"படிக்கிறதுக்கு, பாய்."

"படிச்சிட்டு என்கிட்டயும் சொல்லு லா, வெலைய ஏத்திடுறேன்."

முட்டையைப் பொதிந்த பொடிக் குமிழ்கள் தோலை ஒட்டிய இறுகிய சதையில் தூங்கும். வளரத் தொடங்கியவை மெத்தென்ற நடுப்பக்கம் நகர்ந்து பருக்கும். ஊசியால் குத்தினால் இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கே தெரியும். சுரப்பிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொன்ன என் பாடப்புத்தகத்தில் இந்த இறுக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையில்லை. சினைப்பையின் தோல் தடித்திருக்கிறது, ஒரு கீற்று வெட்டியெடுத்தால் முட்டை வரலாம் என்றிருந்தார் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக் டாக்டர். ஏன் வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டதே! ஈரக் கையோடு போன் போட்டேன்.

"வெட்டச் சொல்லுக்கா. இறுக்கம் போனா வளரும்."

"நீ சொன்னா சரிடி. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடுறேன்."

போனை வைத்த பிறகுதான் மீதியை யோசித்தேன். பெண்ணுக்குப் பிறக்கும்போது இருந்த முட்டைகள்தான்; புதிதாக வராது. இறுக்கம்தான் அவற்றைத் தூங்கவைக்கிறதென்றால், தளர்த்தினால் எத்தனை விழிக்கும்? ஒன்றா, எல்லாமுமா? விழித்தது மறுபடி தூங்காது. வளரும், இல்லாவிட்டால் செத்துப்போகும். ஒரு செத்த ஆட்டைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் இருப்பதையெல்லாம் காலி செய்யச் சொல்லிவிட்டேனா? மறுபடி எண்களைச் சுழற்றினேன்.

"அக்கா, அவசரப்பட்டுட்டேன். கையெழுத்துப் போடாதே."

"ஏன்டி, ஆடு பேச்சை மாத்திருச்சா?" சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போக வேண்டும். எவ்வளவு சின்னக் கீற்று போதும், வெட்டிக்கொண்டவர்களுக்குச் சீக்கிரமே மாதவிலக்கு நின்றுபோனதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அதற்கு முன், விடிந்ததும் பாயின் கடை. ஒரே சினைப்பையை நறுக்கி, பாதித் துண்டுகளைக் கெட்டியாகக் காய்ச்சிய அகார் அகார் கடற்பாசி ஜெல்லியிலும் மீதியைத் தளர்வாகக் காய்ச்சியதிலும் பதித்து, கல்லூரி லேப்பின் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, எதில் எத்தனை விழிக்கின்றன என்று பார்க்க வேண்டும். அம்மாவின் அகார் அகார் பொட்டலத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தேன்.