மாலதியின் தொண்டையும் என் சாய்வு நாற்காலியும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் 'ஹிப்னோதெரபி' என்று போர்டு மாட்டினால் முதலில் படியேறி வருகிறவர்கள் நோயாளிகள் இல்லை. காணாமல் போன செயினைக் கண்டுபிடிக்க வருவார்கள். மருமகள் மனசில் என்ன இருக்கிறது என்று பிடுங்கித் தரச் சொல்வார்கள். பங்காளி வைத்த சூனியத்தை எடுக்கச் சொல்வார்கள். துருகம் சாலையில் ஓர் உரக்கடையின் மாடியில் யூரியா வாசனையோடு இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். இது வசியம் இல்லை, மை போட்டுப் பார்ப்பது இல்லை, சொக்குப்பொடி இல்லை என்று சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

என் பொறுமையை முழுசாகச் சோதித்த ஒரு கேஸைச் சொல்கிறேன். பேரை மாற்றியிருக்கிறேன்.

1. நோய் ஒருத்திக்கு, பேச்சு இரண்டு பேருக்கு

மாலதி நைனார்பாளையத்துப் பெண். அங்கேயே ஒரு சின்ன தனியார் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். ஒருநாள் காலையில் எழுந்தபோது குரல் போயிருந்தது. வாய் அசைகிறது, காற்று வருகிறது, சத்தம் இல்லை. ஈ.என்.டி. டாக்டர் ஸ்கோப் விட்டுப் பார்த்து குரல்நாண் இரண்டும் நன்றாக இருக்கிறது என்று எழுதி என்னிடம் அனுப்பினார். பள்ளி நிர்வாகம் மாதக் கடைசி வரை பார்ப்போம், அதற்குள் குரல் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டது. குரல் இல்லாத டீச்சரை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

கூட வந்தவர்கள் இரண்டு பேர். அப்பா கோவிந்தன். இன்னொருவர் அம்மாவின் தம்பி ஏழுமலை, வடக்கனந்தலில் கரும்பும் மரவள்ளியும் போடுகிறவர், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் உட்காருங்கள் என்றேன். அசையவில்லை. ஹிப்னாடிசம் செய்தால் பெண்ணுக்குப் புத்தி மாறிப்போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம். கண்ணெதிரே நடந்தால்தான் ஆச்சு என்று இருவரும் நின்றார்கள். மாலதியைப் பார்த்தேன். இருக்கட்டும் என்று தலையாட்டினாள்.

எப்போதிலிருந்து இப்படி என்று அவளைக் கேட்டேன், பதில் அப்பாவிடமிருந்து வந்தது.

"வெத்தல பாக்கு மாத்துன மறுநாள்லேருந்து மேடம். ஐஸ் தண்ணி ஜாஸ்தி குடிச்சிட்டா போல."

யாருக்கு வெற்றிலை பாக்கு மாற்றினீர்கள் என்றேன். இவளுக்குத்தான், தோ இவனுக்குத்தான் கொடுக்கிறோம் என்று பக்கத்தில் இருந்த ஏழுமலையைக் கையால் காட்டினார்.

அடக் கடவுளே! தாய்மாமனுக்கு நிச்சயம் செய்த மறுநாள் காலையில் பெண்ணுக்குப் பேச்சு நின்றிருக்கிறது. அதை அவர் வாயாலேயே சொல்கிறார். சொல்லிவிட்டு ஐஸ் தண்ணீர் மேல் பழி போடுகிறார். எனக்கு மேசையில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாலதியை இருமச் சொன்னேன். கணீரென்று இருமினாள். இது முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். இருமலில் சத்தம் வந்தால் நாண் சேர்கிறது என்று அர்த்தம். அவள் நடிக்கவும் இல்லை. பேச வேண்டும் என்றுதான் அவளும் தவித்தாள், பாடம் நடத்த முடியவில்லை என்று காகிதத்தில் எழுதிக் காட்டி அழுதாள். வெளிமனம் பேசு என்கிறது, உள்மனம் வேண்டாம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்துவதற்குத்தான் டிரான்ஸ் என்கிற ஆழ்ந்த லயிப்பு நிலை.

2. அருவிக்கு இறங்கும்போது குறுக்கே வந்த போர்வெல்

சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துச் சுவரில் இருக்கும் புள்ளியைப் பார்க்கச் சொன்னேன். இமை கனத்து மூடியது. நான் எல்லோருக்கும் சொல்கிற பாதைதான், கரியாலூர் பக்கத்தில் அருவிக்கு இறங்குகிற பாதை. குளிர்ந்த காற்று, கால் வைத்து இறங்குகிறீர்கள், உடம்பு லேசாகிறது. மூச்சு ஆழமானது. இமைக்குள் விழி உருண்டது. கையைத் தூக்கி விட்டேன், துணி மாதிரி விழுந்தது. நல்ல டிரான்ஸ்.

அருவியைக் கேட்டுக்கொண்டே 'ம்' என்று முனகுங்கள் என்றேன். முதலில் காற்று. அப்புறம் மெல்லிசாக ஒரு 'ம்ம்'. இதிலிருந்து 'மா', 'மா'விலிருந்து ஒரு சொல் என்று மெல்ல மெல்லக் கொண்டுபோக வேண்டும். பச்சைப் பிள்ளையை நடக்கப் பழக்குகிற வேலை.

அந்த நேரம் பார்த்து என் தோளுக்கு மேலே ஒரு தலை நீண்டது. ஏழுமலை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்கிறார்.

"ஆத்தா, ரெண்டு போர் போட்டு ரெண்டும் பொகஞ்சி போச்சு. மூணாவது எந்தப் பக்கம் போட்டா தண்ணி வரும், சொல்லு ஆத்தா."

என் சர்வீஸில் டிரான்ஸ் நடுவே செல்போன் அடித்திருக்கிறது, கரண்ட் போயிருக்கிறது, கீழே உர மூட்டை இறக்குகிறவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். போர்வெல் பாயின்ட் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஆளை ஒரு பார்வை பார்த்தேன். என் பார்வையெல்லாம் அவருக்கு உறைக்கவே இல்லை, எதிரே சாமி இறங்கியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அப்போது மாலதி பேசினாள். தெளிவாக, டீச்சர் குரலில்.

"ஒன் வூட்டுக்கு நான் வர மாட்டேன்."

கோவிந்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏழுமலை நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்த வேகத்தில் என் டேபிள் ஃபேன் சாய்ந்தது. நான் அவசர அவசரமாக மாலதியை டிரான்ஸிலிருந்து மேலே கொண்டுவந்து கண் திறக்கவைத்தேன். தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். சத்தமாகக் கேட்டாள். குரல் வந்துவிட்டது.

அப்பாவும் மாமனும் ஆட்டோ பார்க்க இறங்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் தூங்கவே இல்லியே மேடம். கீழ லாரி ஹார்ன் அடிச்சதுகூட கேட்டுச்சு. அப்ப பேசுனது யாரு?"

"நீதான்மா. வேற யாரு?"

"நானா?" என்றாள். அவளால் நம்ப முடியவில்லை. பாவமாக இருந்தது. ஹிப்னாஸிஸ் தூக்கம் இல்லை, கேட்டுக்கொண்டும் யோசித்துக்கொண்டும்தான் இருப்போம், விருப்பமில்லாததை யாரும் பிடுங்க முடியாது என்று விளக்கினேன். இந்த விளக்கத்தை ஒவ்வொரு கேஸுக்கும் சொல்லுங்கள். அவர்கள் வீட்டாருக்கும் சொல்லுங்கள். நான் கோவிந்தனுக்கு ஆட்டோ வாசலில் நின்று சொன்னேன். ஆட்டும் ஆட்டும் என்று தலையை ஆட்டினார். ஒரு சொல் காதில் ஏறவில்லை.

3. கிடா வெட்டிவிட்டு வந்தார்கள்

கொஞ்ச நாளில் அதே மூவர். மாலதி பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள், குரலில் ஒரு குறையும் இல்லை. பிறகு எதற்கு வந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கோவிந்தன் விளக்கினார். ஏழுமலை வீட்டின் மேல் ஆத்தாளுக்குக் கோபமாம். அதனால் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டு எல்லாப் பரிகாரமும் முடித்துவிட்டார்களாம். மறுபடியும் படுக்கவைத்து, இப்போது சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னால் வருகிற முகூர்த்தத்தில் கல்யாணத்தை முடித்துவிடுவார்களாம்.

எனக்குத் தலைக்கு ஏறியது. பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், தொண்டை சரியாகி வாய் நிறையப் பேசுகிறாள், அவளைக் கேளுங்கள் ஐயா என்று கத்தியே விட்டேன். கீழே உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கோவிந்தனுக்குக் கோபமே வரவில்லை. விவரம் தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "இவள இன்னாங்க கேக்கறது? படுக்க வெச்சி கேளுங்க மேடம்."

பார்த்தீர்களா கூத்தை! படுக்கவைத்தால் அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள், இவர்களும் அடங்கிவிடுவார்கள். கேஸ் சுலபமாக முடியும். ஆனால் நாளைக்கு இதே பெண்ணின் வாழ்க்கையில் எது நடந்தாலும் என் நாற்காலிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். படுக்கவைக்காவிட்டால் அவள் கழுத்தில் தாலி ஏறிவிடும். 

மாலதிதான் பேசினாள். "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்பா. மாமா நல்லவருதான். ஆனா கட்டிக்க எனக்கு இஷ்டம் இல்ல."

கோவிந்தன் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைப் பார்த்தார். "இது இவ பேசறது மேடம். இது செல்லாது. கண்ண மூடச் சொல்லுங்க."

"கண்ண மூடிக்கினு சொன்னா கேப்பியாப்பா?" என்றாள் மாலதி.

"ஆத்தா சொன்னா நான் மீறுவனா?"

அவள் சாய்வு நாற்காலிக்குப் போகவில்லை. ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடினாள். அதே குரலில் சொன்னாள். "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்பா."

இமைக்குள் விழி உருளவில்லை, மூச்சு ஆழமாகவில்லை, கை பேக்கை இறுகப் பிடித்திருந்தது. உங்களையும் என்னையும் போல விழித்திருந்தாள். டிரான்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்கூடக் கண்டுபிடித்துவிடலாம்.

கோவிந்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா சொல்லிட்டா" என்றார்.

ஏழுமலை போட்டுக்கொள்ளவில்லை. மாலதியின் முகத்தைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "எழுந்திரிங்க, போலாம்" என்று கோவிந்தனிடம் சொன்னார். "அந்தப் புள்ள அன்னிக்கே சொல்லிச்சு. நாமதான் ஆத்தா ஆத்தான்னு கெடாவ வெட்டிக்கினு இருந்தோம்."

சாமி இல்லை ஐயா, உங்கள் பெண்தான் பேசினாள் என்று கோவிந்தனிடம் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாலதி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வந்த எரிச்சலை இன்றைக்கு வரைக்கும் அடக்க முடியவில்லை. கல்யாணம் நின்றது. அம்மன் உத்தரவு கொடுக்கவில்லை என்று நைனார்பாளையம் முழுக்கக் கோவிந்தன் சொல்லிவைத்ததில் அடுத்த வாரமே போர்வெல் பாயின்ட் கேட்டு நாலு பேர் என் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்மனம் எதையோ மறைக்கிறது, தோண்டி எடுக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். மாலதி எதையும் மறைக்கவில்லை. அவள் விழித்துக்கொண்டு சொன்னால் எடுத்துக்கொள்ள அந்த வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் உடனே படுக்கவைப்பதில்லை. கூட வந்தவர்களை, எவ்வளவு முறைத்தாலும் சரி, கீழே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். நேருக்கு நேர் உட்காரவைத்து, வேறு எதையும் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்கிறேன்: கண்ணைத் திறந்துகொண்டு நீங்கள் சொன்னால், உங்கள் வீட்டில் யார் காதில் விழாது?