மூணாவது ஆளின் ஓட்டு

நடிகர் சங்கத்தில் அவரை எல்லோரும் ‘மூணாவது ஆள்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கதாநாயகனை அடிக்க வரும் கும்பலில் மூன்றாவது, சவ ஊர்வலத்தில் மூன்றாவது, நீதிமன்ற பெஞ்சில் மூன்றாவது என்று முப்பத்தொரு வருஷம் கேமரா முன்னால் நின்றவர். பேசிய வசனங்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் தேறாது. “மொத ஆளு அடி வாங்குவான். ரெண்டாவது ஆளு கீழ விழுவான். மூணாவது ஆளு முழுசா வீட்டுக்கு வருவான்” என்று சொல்லிச் சிரிப்பாராம். இதை எனக்குச் சொன்னது அவருடைய தங்கை. நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவருக்குப் பேச்சு போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது.

வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கி, அப்போது முப்பத்தாறு வருஷம் முடிந்திருந்தது. அவருக்குப் பக்கவாதம், வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. எழுபத்திரண்டு கிலோ உடம்பு, முதுகில் புண் ஆரம்பித்திருந்தது. வீடு இரண்டாவது மாடியில். ஒரு அறையில் அவர் கட்டில், இன்னொன்றில் தங்கையின் தையல் மெஷின். அண்ணன் தங்கை இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் சினிமாக் கம்பெனிகளுக்கு உடை தைத்தவள். ஆனால் எந்தப் படத்திலும் அண்ணனுக்கென்று அவள் ஒரு சட்டை தைத்ததில்லை. மூணாவது ஆளுக்குப் பழையதே போதும் என்று கம்பெனியில் சொல்லிவிடுவார்களாம்.

அவர் விழுந்தது ஒரு மழைக் காட்சியில். காலை ஆறு மணிக்கு நிறுத்தியவர்களை இரவு எட்டு வரை விடவில்லை. நாற்காலி பெயருள்ள நடிகர்களுக்கு மட்டும். நாலு மணிக்கு எடுத்த ஷாட்டில் இவர் வாய் ஒரு பக்கம் கோணியது. நடிப்பு என்று நினைத்த டைரக்டர், “யாருப்பா அந்த மூணாவது ஆளு? பிரமாதம்!” என்று ஓகே சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் கிடைத்த ஒரே பாராட்டு. படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைத்தது. இந்த நோயில் முதல் சில மணி நேரம்தான் எல்லாம். அங்கே இருந்த நூறு பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

இத்தனைக்கும் இருபது வருஷமாகச் சங்கத்தின் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் கடைசி வரிசையில் எழுந்து நின்று, “நாக்காலி எப்ப வரும்?” என்று கேட்டவர் அவர்தான். கேட்டதும் சபை சிரிக்கும். மேடையில் தலைவரும் சிரிப்பார். தலைவர் படங்களில் நல்ல அப்பாவாக வருகிறவர், தொடர்ந்து இரண்டு தேர்தலில் ஜெயித்தவர். அவருடைய கனவு கட்டடம். சங்கத்துக்குச் சொந்தமாக ஐந்து மாடி, கீழே அரங்கம், மேலே வயதான நடிகர்களுக்குப் பதினாறு அறை. “நம்ம ஆளுங்க கடைசிக் காலத்துல எவன் வாசல்லயும் போய் நிக்கக் கூடாது” என்பார். அதில் பொய்யில்லை, மனசாரத்தான் சொன்னார்.

அந்த வருஷம் அவரை எதிர்த்து நின்றவள் டிவி தொடர்களில் கொடுமைக்கார மாமியாராக நடித்தே ஊர் வசவு வாங்கியவள். பெயரே மாமியார் ஆகிவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நிற்கிறவர்கள் எல்லோருக்கும் நாற்காலி, படப்பிடிப்பில் முதலுதவி தெரிந்த ஓர் ஆள், ஒரு வண்டி. இதைத் தயாரிப்பாளர்களிடம் எழுத்தில் வாங்கித் தருகிறேன் என்றாள். மூணாவது ஆளைப் பார்க்க அவளே மாடியேறி வந்தாள்.

“வயசானப்புறம் படுக்க அவரு எடம் தர்றாரு. வயசாகுற வரைக்கும் உசுரோட இருக்க நான் வழி கேக்குறேன். அவ்வளவுதாண்ணே சண்டை.”

அவர் தலையாட்டினார்.

“பாருங்க, என் பேச்சுக்கு இப்பிடி யாராவது தலையாட்டுனா அது சீரியல்லதான்” என்றாள் மாமியார்.

“அவரு எல்லாத்துக்கும் ஆட்டுறாரு. நாளைக்குத் தலைவர் வந்தாலும் ஆட்டுவாரு. அத நம்பாதீங்க” என்றாள் தங்கை. “ஆனா ஓட்டு உங்களுக்குத்தான். அது எனக்குத் தெரியும்.”

தங்கை சொன்னது சரி. இந்த நோயில் சிலருக்கு ஆமாமும் இல்லையும் குழம்பிவிடும். “பசிக்குதா?” என்றாலும் ஆட்டுவார், “பசிக்கலையா?” என்றாலும் ஆட்டுவார். மூன்று வாரம் முயன்று நான் வேறு வழி கண்டுபிடித்தேன். இரண்டு பொருளைக் கண்ணுக்கு நேரே காட்டிவிட்டுப் பொறுமையாக இருந்தால் இடது கை மெல்ல எழும். வேண்டியதை ஒரு விரலால் தொடும். வெள்ளைச் சட்டையா நீலச் சட்டையா, ரேடியோவா தூக்கமா. நேரம் எடுக்குமே தவிர அந்தக் கை ஒரு தடவைகூடத் தப்பாகக் காட்டியதில்லை.

எழுந்து வர முடியாத உறுப்பினர்களுக்குச் சங்கத்தில் ‘படுக்கை ஓட்டு’ என்று ஓர் ஏற்பாடு. தேர்தல் அதிகாரி சீட்டோடு வீட்டுக்கு வருவார். இரு தரப்பிலும் ஒருவர் கூட வரலாம். நோயாளி காட்டுகிற இடத்தில் அதிகாரி குறி போடுவார். ‘இது இவருடைய விருப்பம்தான்’ என்று நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் தலைவரின் உதவியாளர் எனக்குப் போன் செய்தார். “சிஸ்டர், புதுசாக் கட்டப்போற கட்டடத்துல பதினாறு பேரப் பாத்துக்கப் பொறுப்பா ஒருத்தர் வேணும். தங்க தனி ரூம் உண்டு. தலைவர் உங்களத்தான் சொல்றாரு.” ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை.

எனக்கு அப்போது அறுபத்தொன்று. அத்தனை வருஷமும் பிறத்தியார் வீட்டில், நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தே கழிந்தது. நோயாளி போய்விட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. இது காரணம். நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு அதிகாரியும் தலைவரும் வந்தார்கள். தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். மாமியார் தரப்பு ஆளை முந்தின நாள் ஷூட்டிங்கிலிருந்தே இன்னும் விடவில்லை என்று தகவல் வந்தது. அதிகாரி ஓய்வுபெற்ற மேக்கப்காரர். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, இருவர் படமும் அச்சிட்ட சீட்டை எடுத்தார். தலைவர் கட்டிலில் உட்கார்ந்து இவர் தோளில் கை போட்டார்.

“என்னண்ணே, கட்டடத்துக்குத்தானே?”

மூணாவது ஆள் தலையாட்டினார்.

“பாத்தீங்களா! நாக்காலி கேட்டவருக்கு நான் கட்டிலே போட்டுத் தரப்போறேன்” என்று தலைவர் சிரித்தார்.

அதிகாரி ஒழுங்கான மனுஷர். சீட்டை முகத்துக்கு நேரே பிடித்து, “நீங்களே காட்டுங்கண்ணே” என்றார். போர்வைக்கு வெளியே இடது கை வந்தது. மாமியாரின் படம் இருந்த பக்கமாக, வழக்கம்போல் மெல்ல எழுந்தது. பாதி தூரம் வந்துவிட்டது. நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

“காலையிலிருந்து அசதி. கை நடுங்குது” என்று சொல்லிப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினேன். ஒரு நாளைக்கு இருபது தடவை செய்கிற வேலை. யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

“இவரு விருப்பம் இதுதானே சிஸ்டர்?”

“ஆமாங்க. அதான் தலையாட்டிட்டாரே.”

அதிகாரி தலைவர் படத்துக்கு நேரே குறி போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் நான் ஸ்பூனை நீட்டியபோது வாயைத் திறக்கவில்லை. தங்கை ஊட்டினாள், சாப்பிட்டார். ராத்திரியும் அப்படியே. ஓட்டு எண்ணிக்கைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதிகாரியின் நம்பர் என்னிடம் இருந்தது. நான் போன் செய்யவில்லை. தலைவர் நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார் என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு ஓட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றியது. செய்த காரியத்தைவிட அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

“ஏன் சிஸ்டர், உங்க கையால மட்டும் திங்க மாட்டேங்குறாரே? ஏதாவது திட்டுனீங்களா?” என்று தங்கை கேட்டாள். சொல்லிவிட்டேன். தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தினாள்.

“புரட்டிப் போடுறது, குளிப்பாட்டுறது, புண்ணுக்கு மருந்து கட்டுறது. எல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க.”

எட்டு நாளில் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டாள். அந்த எட்டு நாளும் அவர் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. ஏழு மாதம் கழித்து இறந்துபோனார். எனக்குத் தகவல் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

கட்டடம் எழும்ப இரண்டு வருஷம் ஆனது. வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை என்று எழுத ஆசைதான். போனேன். திறப்பு விழாவில் தலைவர், “நாக்காலி கேட்டே பழகுன நம்ம மூணாவது ஆள், கடைசியில மனசு மாறி, படுக்கையிலிருந்து தலையாட்டிக் கட்டடத்துக்கு ஓட்டுப் போட்டாரு” என்று பேசினார். சபை கை தட்டியது. மூணாவது ஆளின் படத்தைப் பெரிதாக்கி, அந்த வாசகத்தையும் கீழே எழுதி, முன்கூடத்தில் மாட்டினார்கள். தினமும் காலையில் மருந்துத் தட்டோடு அதன் கீழே நடந்துபோவேன். நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தங்கை வந்தாள். கையில் ஒரு பெரிய துணிப்பை.

“அந்தப் படத்தக் கழட்டிக் குடுங்க. அண்ணன் மனசு மாறல. ஊரெல்லாம் மாறுனாருன்னு சொல்லிட்டிருக்கு.”

ஸ்டூலைப் போட்டு ஏறி நானே கழற்றினேன். கண்ணாடி உடையாமல் இருக்கப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் கொடுத்தேன். அவள் முடிச்சை அவிழ்த்து, தன் முறையில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“நடந்ததச் சொல்றேன்.”

“கையப் புடிச்சு உள்ள வெச்சதையுமா?”

“அதையும்.”

“நல்லாச் சொல்லுங்க. அண்ணனுக்கு இப்ப காது கேக்கப்போகுதா?” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று சாயங்காலமே கட்டடத்து மேனேஜரிடம் முழுதும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்புவார் என்று பெட்டியையும் கட்டி வைத்திருந்தேன். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, “நாப்பத்தொரு ஓட்டு வித்தியாசம் சிஸ்டர். இதுக்குப் போயி!” என்றார். “நாலாம் நம்பர் ரூம்ல பெட்ஷீட் மாத்தணும், பாருங்க.”

மாற்றப் போனேன்.