கை விட்டுப்போச்சு

சிவரூபன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என் மகள் அப்படியில்லை என்கிறாள். நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேனாம், தொலைபேசியைக் கொண்டுவந்து தந்ததே தானாம். இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரே வீட்டில் இரண்டு கதை. என் கையில் மீன் மணத்தது எனக்கு அவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது. ரூபன் இருந்திருந்தால், "தெளிவா இருக்கிறதும் சரியா இருக்கிறதும் ஒண்டில்லை அக்கா" என்று சொல்லிச் சிரித்திருப்பார். அதை அவர் சொல்லாத நாள் குறைவு.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் அண்ணையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவருடைய தங்கை வதனி கேட்டார். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், உற்றார் உறவினர் எல்லாம் வழக்கம்போல முன்பக்கங்களில் இருக்கும். ஒரே ஆசிரியர் அறையில் அவரோடு நெடுநாள் சண்டை பிடித்தவள் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன். ஆசிரியப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு அவர் உளவியல் படிப்பித்தார், நான் விஞ்ஞானம். மனிதருடைய ஞாபகம் என்றால் அவருக்குச் சாப்பாடு தண்ணீர் வேண்டாம்.

ஒருநாள் என் வகுப்புக்குள் நுழைந்து, ஒரு சின்னச் சோதனை என்று வாயால் அடுக்கினார்: மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம், பெருஞ்சீரகம், கருவேப்பிலை. கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்தார். பிறகு, கேட்டவற்றை எழுதச் சொன்னார். வகுப்பில் அரைவாசிப் பேர் மஞ்சளையும் எழுதியிருந்தார்கள். நானும் எழுதியிருந்தேன்.

"நீர் மஞ்சள் சொன்னீர். நான் என்ரை காதாலை கேட்டனான்" என்று மல்லுக்கு நின்றேன்.

"உங்கடை காது கேக்கேல்லை அக்கா, உங்கடை குசினி கேட்டது" என்றார்.

புதிதாக ஒன்று மனதில் பதியும்போது அது தனியாகப் போய் இருப்பதில்லை, ஏற்கெனவே தெரிந்தவற்றோடு சேர்ந்துதான் இருக்கிறது என்று பிறகு விளங்கப்படுத்தினார். ஒன்றைக் கூப்பிட்டால் சொந்தக்காரர் எல்லாம் சேர்ந்து வருவார்களாம். எனக்குக் கோபம் தீரச் சில நாள் எடுத்தது.

சோதனைக் காலத்தில் விடிய விடியப் படித்துவிட்டுக் கண் சிவக்க வருபவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "பகல் படிச்சதை மூளை நித்திரையிலைதான் எடுத்து அடுக்கும். நித்திரையையும் பறிச்சுப்போட்டால் அது எப்ப அடுக்குறது? போய்ப் படுங்கோ" என்று கலைத்துவிடுவார். ஆசிரியர் ஒருவர் மாணவரைப் படிக்காதே, படு என்று விரட்டியதை நான் அவரிடம் மட்டுந்தான் கண்டேன்.

சாவகச்சேரியில் நடக்கும் வகுப்புகளுக்கு நாங்கள் ஒன்றாகப் பேருந்தில் போவோம். நாவற்குழி நெருங்கியதும் ரூபன் கதையை நிறுத்திவிடுவார். யன்னல் பக்கம் இடம் கிடைத்தாலும் இருக்கமாட்டார். மழை பெய்த ஒரு நாளில் தானாகவே சொன்னார். தொண்ணூற்றைந்தில் போரால் யாழ்ப்பாணச் சனம் முழுதும் கிளம்பிய பெரிய இடப்பெயர்வின்போது இணுவிலிலிருந்து இந்த வழியாகத்தான் அவர்கள் குடும்பம் வந்தது. அவருக்குப் பன்னிரண்டு வயது, வதனிக்கு ஆறு. சனத்துக்கும் மழைக்கும் நடுவில், சரிந்த சைக்கிளைப் பிடிக்கப்போய் அவர் தங்கையின் கையை விட்டுவிட்டார். இரண்டு நாளுக்குப் பிறகு சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு குடும்பத்தோடு அவளைக் கண்டெடுத்தார்கள். அதன்பிறகு பல மாதங்கள் வதனி வாய் திறக்கவில்லை.

"அந்த ஈர விரல் வழுக்கினது இப்பவும் இதிலை இருக்கு அக்கா" என்று உள்ளங்கையைக் காட்டினார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஏதோ கதைவாக்கில் தன் தாயாரிடம், தான் கையை விட்டதைப் பற்றி முதன்முறையாக வாய் திறந்திருக்கிறார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாராம்: "நீ எங்கை தம்பி அங்கை நிண்டனி? நீ மாமாவோடை முன்னாலை போயிட்டாய். பிள்ளை என்ரை கையிலையெல்லோ வந்தவள்."

அடுத்த நாள் ரூபன் ஆசிரியர் அறைக்கு வந்து பையை வைக்காமலே நின்றபடி இதைச் சொன்னார். அவர்கள் வீட்டில் அந்தக் கதை எத்தனையோ தரம் சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லும்போதெல்லாம் அம்மா "கை விட்டுப்போச்சு" என்றுதான் சொல்வார். யாருடைய கை என்று சொல்வதில்லை. நம்முடைய பேச்சில் அதைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்த வெற்றிடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் கையைக் கொண்டுபோய் வைத்துவிட்டது.

நமது ஞாபகம் ஓரிடத்தில் முழுதாக இருப்பதில்லை என்று அவரே எங்களுக்குப் படிப்பித்தவர். கண்டது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம், பயம் இன்னொரு பக்கம். நினைக்கும் ஒவ்வொரு தரமும் மூளை அவற்றைத் திரும்பக் கூட்டுகிறது. இடையில் இல்லாததைப் பொருத்தமான ஒன்றால் நிரப்பி, நிரப்பியதையும் சேர்த்துத் திரும்ப வைத்துவிடுகிறது. ஆகவே அடிக்கடி எடுத்துப் பார்க்கிற ஞாபகத்தில்தான் அதிகம் கை பட்டிருக்கும்.

"அப்ப பிறகென்ன? உம்மடை தலையிலை இருந்து பாரம் இறங்கிச்சுதெல்லோ" என்றேன்.

"இறங்கேல்லை அக்கா. அம்மா சொல்லுறதை நம்புறன். நம்பினாப்போலை அந்த விரல் வழுக்கினது போகுதே? அதோடை அம்மாவும் தன்ரை கதையை எத்தினை தரம் கட்டியிருப்பா. என்னைக் காப்பாத்த இப்ப கட்டினாவோ, ஆர் கண்டது."

"வதனியைக் கேளுமன்."

"அவளைக் கேக்கப் பயமா இருக்கு."

எனக்கு எரிச்சல் வந்தது. ஊருக்கெல்லாம் படிப்பிக்கிற மனிசன், ஒரு கேள்வியைக் கேட்கப் பயந்து இவ்வளவு காலம் இருக்கலாமா என்று ஏசினேன். அடுத்த விடுமுறையில் கேட்கிறேன் என்றார். விடுமுறைக்கு முன் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், பிறகு எழும்பவில்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த பிறகு கல்வெட்டுக்காக வதனி என்னிடம் வந்தார். அண்ணையிடம் நான் கேட்கச் சொன்னதை, அவர் இல்லாமல் போன பிறகு நான் கேட்டேன். அந்தக் கூட்டத்தில் உன் கையை விட்டது யார்?

வதனி யோசித்தார். "அது எனக்குத் தெரியாது அக்கா. ரோட்டே ஞாபகமில்லை. பள்ளிக்கூடத்திலை ஒரு மூலையிலை இருந்தனான். அண்ணை சனத்தை விலத்திக்கொண்டு வந்து என்ரை கையைப் பிடிச்சார். அதிலையிருந்துதான் எனக்கு ஞாபகமே துவங்குது. ஏன் கேக்கிறியள்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. இதையே எழுதட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார். பிறகு அம்மாவும் சம்மதித்தார்.

அவரை அறிந்த உங்களுக்கு ஒரு கேள்வி எழலாம். வதனியின் ஞாபகம் மட்டும் பின்னால் கட்டப்பட்டதாக இருக்காதா? இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் போனது மாமாவாகவும் இருக்கலாம். நான் போய் விசாரிக்கவில்லை, விசாரிக்கப்போவதும் இல்லை. ரூபனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அவர் படிப்பித்த ஞாபக விஞ்ஞானத்தை அல்ல. ஒரு தங்கையின் முதல் ஞாபகத்தில் கை பிடிக்கிறவராக நிற்கிற அந்தப் பிள்ளையைத்தான்.

போகும்போது வதனி வாசலில் நின்று ஒன்றுதான் சொன்னார்.

"அண்ணை என்னைக் கேட்டிருக்கலாம்."