டாக்டரிடம் காட்டாத ஈரம்

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் சந்திரவல்லிக்குக் கல்யாண வீட்டுக்குக் கிளம்புவது மாதிரி. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வாரம் ஆறு நாள் காய் எடுக்கிறவள். ஆனால் சேற்றுச் சேலையோடு ஊருக்குள் யார் முன்னாலும் நிற்க மாட்டாள். ஏழு வயது மகள் பவதாரணி காய்ச்சலில் துவண்டு கிடந்தாலும் சரி, போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கட்டணக் கழிப்பறைக்குள் கூட்டிப்போய், ஜட்டி முதற்கொண்டு எல்லாவற்றையும் மாற்றி, பவுடர் அடித்து, பூ வைத்துத்தான் டாக்டர் முன்னால் நிறுத்துவாள்.

அந்த வருஷம் ஐந்து தடவை அப்படி நிறுத்தியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் மூத்திரத்தில் கிருமி என்றார் டாக்டரம்மா. மருந்துக்குக் காய்ச்சல் கேட்கும். மறு மாதமே திரும்பி வரும்.

"பாப்பாவுக்கு ஜட்டியில ஈரம் படுதா?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "சேச்சே, எம்புள்ள அப்படியெல்லாம் இல்லங்க" என்று ஒரே போடாகப் போட்டாள் சந்திரவல்லி.

அண்டப்புளுகு. பிள்ளை ஒழுங்காகப் பாத்ரூம் போய் வருவாள். ஆனாலும் எந்நேரமும் துணி சொதசொதவென்று இருக்கும்.

"நான் போகலம்மா, அதுவா வருது" என்பாள்.

"பொய்யி வேறயா? கழுத வயசாகுது!" என்று முதுகில் ஒன்று விழும்.

ஆறாவது தடவை, மழையில் பாதையில் மண் சரிந்து ஜீப்பு இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. டாக்டரம்மா கிளம்பும் நேரம். பூவாவது பவுடராவது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் பாத்ரூம் போய்விட்டு வந்து, டாக்டரம்மா பார்ப்பதற்காகப் படுத்த பிள்ளைக்குக் கீழே, கட்டில் விரிப்பில் ஈரம் பரவியது. சந்திரவல்லிக்கு மானம் போய்விட்டது.

டாக்டரம்மாவுக்கோ முகம் மலர்ந்தது. "இதத்தானேம்மா அன்னைக்கே கேட்டேன்!"

மதுரையில் ஸ்கேன் எடுத்ததில் விஷயம் வெளிப்பட்டது. ஒரு பக்கத்துச் சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய் இறங்க வேண்டிய இடத்தில் இரண்டு. அதில் ஒன்று மூத்திரப் பைக்குள் சேராமல், கீழே வேறிடத்தில் திறந்து சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பிறவிக் கோளாறு, எப்போதாவது ஒரு பிள்ளைக்குத்தான் இப்படி அமையும். அங்கிருந்த டாக்டர், "பாப்பா என்ன அடக்கினாலும் இது நிக்காதும்மா. அவ மேல தப்பே இல்ல" என்றார். அந்த இடத்திலேயே சந்திரவல்லி ஓவென்று அழுதுவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறி, பவதாரணி மறுபடி பள்ளிக்கூடம் போன அன்று சாயந்தரம் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அம்மா, காலையில போட்ட ஜட்டிம்மா! இன்னும் காஞ்சே இருக்கு. வெரசா வா, தொட்டுப் பாரு!"

"வேணாம் ஆத்தா" என்றாள் சந்திரவல்லி. "நீ சொன்னாப் போதும்."