டயோடுக்குப் பதில் கம்பி

தருவைகுளத்தில் ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போவதில்லை. அன்றுதான் எங்கள் படகின் பேட்டரியை வீட்டில் சார்ஜ் போடுவோம். போன மாதம் சார்ஜரில் இருந்த டயோடு பழுதாகிவிட்டது. அதையும் ஃபியூஸ் என்று நினைத்து, என் கணவர் அந்த இடத்தில் கம்பியை வைத்து இணைத்தார். பிறகு ஒரு பல்பை மாட்டிப் பார்த்தார்.

“ஏளா, எரியுது பாரு. சரியாயிட்டு.”

பேட்டரியை மாட்டிவிட்டு சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போனோம். திரும்பினால் வீடெல்லாம் ஆசிட் நெடி. பேட்டரி உப்பிக் கொதித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

சார்ஜரைப் பழுது பார்த்தவர் பிறகு விளக்கிச் சொன்னார். முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவதுதான் டயோடின் வேலையாம். பேட்டரிக்கு அந்த டிசிதான் ஆகும்.

இப்போது டிசிதான் வருகிறதா என்று மீட்டரில் பார்க்காமல் பேட்டரியை மாட்ட விடுவதில்லை. அவர் பல்பை எடுத்தாலே சொல்லிவிடுவேன்: “பல்பு ஏசி, டிசி எதுலயும் எரியும். மீட்டரை எடுங்க.”