கடனே வாங்காதவளுக்கு ஒரு கார்

"எனக்கு எங்கேயும் ஒரு காசு கடன் கிடையாது" என்று வங்கியில் போய்ப் பெருமையாகச் சொன்ன ஆள் நான். சொல்லிவிட்டுப் பரிசு வாங்கப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து வேறு உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த லோன் ஆஃபிசர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். நம் தமிழ்ப் பெண்தான். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அதாங்க்கா ப்ராப்ளமே," என்றாள்.

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த பிசியோதெரபி நிலையத்தை அந்த மாதக் கடைசியோடு மூடுவதாக இருந்தார்கள். வாடகை கட்டி மாளவில்லையாம். நல்லவேளையாக எனக்கு வேறொரு வேலை கிடைத்திருந்தது. பக்கவாதம் வந்தவர்களின் வீட்டுக்கே போய்க் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. காலையில் சுங்கை பூலோ, மதியம் ரவாங், சாயங்காலம் கிள்ளான் என்று ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். சொந்தக் கார் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மாதம் பிறப்பதற்குள் கார் இல்லையென்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். நாற்பதைத் தாண்டிய என்னைத் தேடி இன்னொரு வேலை வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

கிள்ளானில் கார் விற்கிற பையன் ஒருவன் என் சம்பளச் சீட்டையெல்லாம் வாங்கிப் பார்த்து, "லோன் ஈசியா கிடைச்சிடும் லா ஆன்டி, கவலப்படாதீங்க," என்றான். நானும் ஒரு சின்னக் காரைத் தேர்ந்தெடுத்து, நீல நிறம் என்று முடிவு செய்து, இருக்கையில் உட்கார்ந்துகூடப் பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் போன் வந்தபோது அவன் குரலில் சுரத்தே இல்லை. "ரிஜெக்ட் பண்ணிட்டாங்க ஆன்டி. ஏன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க."

ஏன் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால்தான் அரைநாள் லீவு போட்டுவிட்டு நேராக வங்கிக்கே போனேன்.

"நீங்க கடன் வாங்கி ஒழுங்கா கட்டியிருந்தா, நல்ல பேமாஸ்டர், தவண தவறாம கட்டுறவங்கன்னு எங்களுக்குத் தெரியும்," என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். "கட்டாம விட்டிருந்தா அதுவும் தெரியும். நீங்க வாங்கவே இல்லையே. உங்களப் பத்தி நாங்க என்னான்னு நெனக்கிறது?"

"அப்ப கடன் வாங்கணும்னா, மொதல்ல கடன் வாங்கியிருக்கணுமா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க்கா."

கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கணினித் திரையில் நான் எப்படித் தெரிகிறேன் என்று பார்க்கத்தான் ஆசையாக இருந்தது. கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். மேலே என் பெயர், அடையாள அட்டை எண். அதற்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

"கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்களேன்."

"கீழயும் ஒண்ணும் இல்லக்கா."

கெட்டவள் என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு சுருக்கென்று இருந்திருக்காது. இருபது வருடமாக வேலை பார்க்கிறேன், மாதா மாதம் எதையாவது கட்டிக்கொண்டே இருக்கிறேன். கட்டியதெல்லாம் எங்கே போனது? அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். வீட்டு மின்சாரக் கட்டணம் அப்பா பெயரில் வருகிறது. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, இறந்தும் போய்விட்டார். பில் இன்னும் அவருக்குத்தான் வருகிறது, கட்டுவது நான். தண்ணீரும் அப்படியே. கைபேசி, தம்பி பெயரில் எடுத்த குடும்பத் திட்டத்தில் இருக்கிறது. பெண் பிள்ளை நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், அவள் பெயரில் எதற்கு என்று எங்கள் வீட்டில் எதையுமே என் பெயரில் போடவில்லை. நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை. பில் மட்டும் தவறாமல் என்னிடம் வந்தது.

"கேரண்டர் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "ரெக்கார்ட் நல்லா இருக்கிற ஒருத்தர் உங்களுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டா, மேல பேசிப் பாக்கிறேன்."

அப்போதுதான் எனக்குத் தம்பியின் கார் நினைவுக்கு வந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது அவன் வாங்கிய கார் அது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஆட்குறைப்பில் அவனுக்கு வேலை போனது. காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று அவன் மனைவி அழுதாள். நான் கட்டுகிறேன் என்றேன். அவனுக்கு வேறு வேலை கிடைத்த பிறகும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கடைசித் தவணை வரைக்கும் நானே கட்டி முடித்தேன். கார் அவனுடையது, கடன் அவன் பெயரில், பணம் மட்டும் என்னுடையது. அந்தக் காரில் நான் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவேன், பின் இருக்கையில்.

வங்கி வாசலிலிருந்தே தம்பிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, தப்பா நெனக்காத. நாங்க வீட்டு லோன் போடலாம்னு இருக்கோம். இப்பப் போயி ஒனக்கு கேரண்டி நின்னா, என் பேருக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

என் பேருக்கு என்றான். அந்தப் பேர் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியாதா? கொடுத்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். அத்தனை வருடமும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று நடைபாதையில் நின்றுகொண்டு, பூமாலைக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொல்லிக்காட்டினேன். "எவன் கட்டினான்டா ஒன் காருக்கு? அந்த நல்ல பேரு யாரோடது?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். சொன்னதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, இன்றுவரைக்கும்.

இரவு அவன் கூப்பிடவில்லை. வேலை போனது போனதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். மறுநாள் காலை வங்கியிலிருந்து என் போனுக்கு அழைப்பு. உங்கள் தம்பி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார், நீங்களும் வர முடியுமா என்றாள் அந்தப் பெண்.

நான் போனபோது தம்பி சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் அவன் கணக்கைத் திரையில் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். "சூப்பரா இருக்கு சார். ஒரு மாசம்கூட லேட் இல்ல. இந்த மாதிரி பேமாஸ்டர் கிடைக்கிறது கஷ்டம்."

அவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்க்க எனக்கு அப்படியொரு ஆவல். அவன் காது இரண்டும் சிவந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அது நான் இல்ல மேடம். எல்லாத்தையும் அக்காதான் கட்டினாங்க."

அவள் சிரித்தாள். "சிஸ்டத்துல ஒங்க பேருதான் சார் இருக்கு," என்றவள், காகிதங்களை அவன் முன்னால் வைத்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள். "ஒங்க அக்கா கட்ட முடியாம போனா, பாக்கியெல்லாம் நீங்கதான் கட்டணும். புரியுதா சார்?"

"புரியுது. அக்காவால முடியலன்னா நான் கட்டுவேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கட்டாமல் விடுகிற ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் சொன்னான் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும், எனக்காகக் கட்டுவேன் என்று அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னது கிடையாது. அவன் பேனாவை எடுத்தான்.

"ஒரு நிமிசம்," என்றேன் அந்தப் பெண்ணிடம். "எனக்குச் சரியா வெளங்கல. இன்னொரு தடவ அவன்கிட்ட கேளுங்க."