நவமணி மேடத்தின் மண் பெட்டிகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை திருவையாற்றிலிருந்து நவமணி மேடத்தின் தம்பி சாமுவேல் போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். தூக்கத்துலேயே. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம்" என்றார். சற்று நிறுத்தி, "ஆபீஸ்லேருந்து மாலை கொண்டாராங்களாம். வாங்கவா, வேண்டாமா?" என்று கேட்டார். சாவு வீட்டில் யாரும் கேட்கிற கேள்வியல்ல அது. அவர் ஏன் கேட்டார் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எஸ்தர் நவமணி அவர்கள் தஞ்சாவூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நிலவியலாளராக இருந்தார்கள். டெல்டாவில் அரசு எங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும், உள்ளிருந்து வரும் மண்ணை ஆழவாரியாகப் பிரித்து, மரப்பெட்டிகளில் அறை அறையாக அடுக்கி, சீட்டு எழுதி வைப்பது அவர்களுடைய வேலை. எந்த ஊரில் எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களிமண், எது வரை நல்ல தண்ணீர், எங்கிருந்து உப்பு என்பதற்கெல்லாம் அந்தப் பெட்டிகள்தான் சாட்சி.

பத்திரிகை நிருபராக நான் அவர்களை முதலில் பார்க்கப் போனபோது, ஒரு சிட்டிகை மண்ணை முன்பற்களுக்கிடையே வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் விழித்ததைக் கண்டு, "டிபன் இல்ல சார், பயப்படாதீங்க" என்றார்கள். "பல்லுல நரநரன்னா வண்டல். வெண்ணெயாட்டம் வழுக்கினா களி. கரிச்சா உப்பு. ஒரு மெஷின் வாங்கிக் குடுங்கன்னு கேட்டேன். உங்களுக்குத்தான் பல்லு இருக்கேன்னுட்டாங்க."

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. அவர்களோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வளைகுடா எண்ணெய் வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நவமணி மேடத்துக்கும் மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. "அங்க மண்ணைப் பாக்க ஆயிரம் பேர் இருக்காங்க. இந்தப் பெட்டிங்களுக்கு நான் ஒருத்திதான்" என்று மறுத்துவிட்டார்கள்.

அந்த ஆண்டுகளில்தான் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் அறை வேண்டும் என்று முடிவானது. பெட்டிகள் இருந்த கொட்டகையைத் தேர்ந்தெடுத்தார்கள். நவமணி மேடம் விடுப்பில் இருந்த வாரத்தில் பெட்டிகளைக் கவிழ்த்து, பலகைகளை விறகுக்குக் கொடுத்து, மண்ணை வாசல் சாலையின் பள்ளங்களில் கொட்டி நிரப்பினார்கள். சீட்டுகளில் இருந்த விவரம் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டதா? இல்லை. ஏற்ற வேண்டுமா என்று கேட்கக்கூட ஆளில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத் தலைவர் கொடுத்த குறிப்பை நான்கு வரிச் செய்தியாகப் போட்டவன் நான். 'வளாகத்தில் நெடுநாளாகத் தேங்கியிருந்த குப்பை அகற்றப்பட்டது' என்று எழுதினேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. விடுப்பு முடிந்து வந்த நவமணி மேடம் அந்தப் பத்திரிகையோடு என் மேசை முன்னால் வந்து நின்றார்கள்.

"நீங்க டைப் அடிக்கிறீங்களே இந்தக் கம்ப்யூட்டர், இதுக்குள்ள இருக்கிற சிப்பு எதுலேருந்து வருது, தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"மணல்லேருந்து சார். மணல்ல செஞ்ச சாமானை வைக்க எடம் வேணும்னு மணலைத் தூக்கி ரோட்ல கொட்டிட்டாங்க. நீங்க அதுக்கு வாழ்த்துச் செய்தி போட்டிருக்கீங்க."

திருத்தம் போடுகிறேன் என்றேன். "செய்தியைத் திருத்துவீங்க. பள்ளத்துல கொட்டினத?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். திருத்தமும் வரவில்லை. இதெல்லாம் ஒரு செய்தியா என்றார் ஆசிரியர். நானும் வற்புறுத்தவில்லை.

கவிழ்க்காமல் மிஞ்சிய சில பெட்டிகள் சுவரோரம் மழையில் கிடந்தன. தம்பி சாமுவேலை மினி லாரியோடு வரச் சொல்லி, அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கையறையில் அடுக்கினார்கள்.

அவற்றில் ஒன்று, சீர்காழிக்குக் கிழக்கே கடலோரம் இருந்த ஒரு கூலி விவசாயிகள் குடியிருப்பின் மண். அங்கே கைபம்பில் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதைவிட ஆழமாகக் கிணறு தோண்டிக் குழாய் போட ஒரு திட்டம் வந்தது. சேதி தெரிந்ததும் நவமணி மேடம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். நானும் கூடப் போனேன்.

"இந்தக் களியோட நிறுத்திக்குங்க சார். இது மூடி. கீழ பூரா உப்புத் தண்ணி. மூடியில ஓட்டை போட்டா மேல இருக்கிற நல்ல தண்ணியும் கெட்டுப்போகும்" என்று கிணறு தோண்ட வந்திருந்த எஞ்சினியரிடம் சொன்னார்கள்.

"பெட்டி எங்கேருந்து வருது?"

"என் வீட்லேருந்து."

"அப்ப இது ஆபீஸ் ரெக்கார்டு இல்லையேம்மா" என்று சிரித்தார் அவர். இயந்திரம் களியைத் துளைத்துக்கொண்டு இறங்கியது.

அடுத்த வாரம் நவமணி மேடத்துக்கு மெமோ வந்தது. அரசுச் சொத்தை அனுமதியின்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றது ஏன்?

"மழையில கிடந்தப்ப குப்பை. என் வீட்டுக்கு வந்ததும் அரசாங்கச் சொத்தா சார்?" அவர்கள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். விளக்கக் கடிதத்தோடு என் நான்கு வரிச் செய்தியை வெட்டி இணைத்திருந்தார்கள், குப்பை என்று சொன்னது அலுவலகம்தான் என்பதற்கு ஆதாரமாக. பதில் வரவில்லை. மெமோவும் ரத்தாகவில்லை. அதைக் காட்டியே பதவி உயர்வை நிறுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவராகவே ஓய்வு பெற்றார்கள். கிணறு தோண்டிய இரண்டாவது கோடையிலேயே அந்த ஊரின் குழாயும் கரித்தது, கைபம்பும் கரித்தது. அதற்காக ஒருவருக்கும் மெமோ போகவில்லை.

அடக்கத்துக்கு அந்த ஊரிலிருந்து செல்லம்மாள் வந்திருந்தார். "போர்வெல்காரம்மா பெட்டியத் தூக்கிட்டு வந்து மண்ணக் காட்டுனாங்க. அந்தாளு சிரிச்சாரு. நாங்க இன்னைக்கும் கொடத்த வெச்சிக்கிட்டு தண்ணி லாரிக்கு நிக்கிறோம்" என்றார்.

மாலையோடு வந்த இளம் அதிகாரி, ஜெபம் முடிந்ததும் சாமுவேலை ஓரமாக அழைத்தார். "மேடம்கிட்ட பழைய சாம்பிள் இருக்காமே சார்? கடலோரத்துல புது ஆய்வு ஒண்ணு வந்திருக்கு. வேற எங்கயும் இல்ல. வண்டி அனுப்பட்டுமா?"

"அது குப்பையா தம்பி, அரசாங்கச் சொத்தா?"

அந்த இளைஞருக்குப் புரியவில்லை. அவர் மேல் குற்றமில்லை. அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அக்காவுக்குக் குடுத்த மெமோ தப்புன்னு ஒரு பேப்பர் கொண்டாங்க. அக்கா பேருக்கே போட்டுக் கொண்டாங்க. அன்னைக்கே பெட்டியைத் தர்றேன்" என்றார் சாமுவேல்.

"மாலையக் குடுத்துட்டு மண்ணுக்கு அடி போடுறாரு" என்றார் செல்லம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படி. மாலை வாசல் கேட்டிலேயே தொங்கியது.

அந்தக் காகிதத்தை எழுத அலுவலகத்துக்கு அரை மணி நேரம் போதும். அதை எழுதும் வரை, நவமணி மேடத்தின் மறைவு ஈடு செய்ய முடியாத இழப்பு என்று சொல்ல அந்த அலுவலகத்துக்கு வாயில்லை.

போதகர் முதல் பிடி மண்ணைப் போட்டார். பிறகு சாமுவேல், செல்லம்மாள். என் முறை வந்தபோது, குழியின் பக்கச் சுவரைப் பார்த்து, குவியலில் நிறத்துக்கு ஒரு சிட்டிகை எடுத்து முன்பற்களில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். நேரில் பார்க்காமல் எழுதிய அன்றைய செய்திக்கு என்னால் இன்று போட முடிந்த திருத்தம், அவர்கள் எழுதுவது போன்ற இந்தச் சீட்டுதான்.

திருவையாறு, கல்லறைத் தோட்டம், கிழக்கு ஓரம்.
மேலே இரண்டடி கருங்களி, பல்லில் வழுக்குகிறது.
அதன் கீழே மஞ்சள் வண்டல், நரநரக்கிறது.
குழியின் அடியில் ஈர மணல். உப்பில்லை.

போய் வாருங்கள், மேடம்.